துளசேந்திரபுரத்துக்குப் போன கேமரா தாராவிக்கு ஏன் வரவில்லை?

(தாதரில் மும்பைத் தமிழர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



'தேர்தலும் ஊடகமும்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். இந்தத் தலைப்பில் யாரையும் நோகடிக்காமல் ஒரு மணி நேரம் பேசலாம். நான்காவது தூண் என்று தொடங்கி, தூண் ஆட்டம் கண்டுவிட்டதே என்று நடுவில் வருத்தப்பட்டு, இளைஞர்களே விழித்தெழுங்கள் என்று முடித்தால் பொன்னாடை போர்த்தி அனுப்பி வைப்பீர்கள். (சிரிப்பு) அப்படிப் பேச நான் வரவில்லை. பெயர் சொல்லிப் பேசப் போகிறேன். நம்மையும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு சின்னப் பரீட்சை. கமலா ஹாரிஸின் அம்மா பெயர் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். (பல கைகள் உயர்கின்றன.) சியாமளா கோபாலன். சபாஷ். தாத்தாவின் சொந்த ஊர்? மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம், திருவாரூர் மாவட்டம். அதுவும் தெரிகிறது. ஊர்க் கோயிலில் எந்தச் சாமி என்றுகூட முன்வரிசையில் ஒருவர் சொல்கிறார், தர்மசாஸ்தா. நல்லது. இப்போது அடுத்த கேள்வி. பாக்கியசெல்வம் அரியநேத்திரன் யார்? (ஓரிரு கைகள்.) இவ்வளவுதானா?

ஐயா, அவர் ஜனாதிபதித் தேர்தலில் நின்ற தமிழர். மட்டக்களப்பின் முன்னாள் எம்.பி. 2024 செப்டம்பர் 21-ஆம் தேதி இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளராக, சங்குச் சின்னத்தில் நின்றார். 2,26,343 வாக்குகள் வாங்கினார். அவர் சார்ந்த தமிழரசுக் கட்சியே அவரை ஆதரிக்காமல் சஜித் பிரேமதாசாவை ஆதரித்தது. ஒரு தமிழன் நிற்பது புத்திசாலித்தனமா, தமிழ் ஓட்டைச் சிதறடிக்கிற வேலையா என்று யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் வீட்டுக்கு வீடு சண்டை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் கடல் முப்பது கிலோமீட்டர். அந்தக் கரையில் நடந்த இந்தச் சண்டை நம் வீட்டு டிவிக்குள் எவ்வளவு நேரம் வந்தது? ஆறு வாரம் கழித்து நவம்பர் 5-ஆம் தேதி, பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நடந்த தேர்தலுக்கு, துளசேந்திரபுரத்தில் கேமராக்கள் வரிசை கட்டி நின்றன. அர்ச்சனையைக் காட்டினார்கள். பேனரைக் காட்டினார்கள். நன்கொடைக் கல்லில் இருக்கிற பெயரைக் காட்டினார்கள். ஊர்ப் பாட்டியிடம் மைக்கை நீட்டி, 'கமலா ஜெயிப்பாங்களா பாட்டி?' என்று கேட்டார்கள். பாட்டி என்ன சொல்லும்? ஜெயிக்கட்டும் தம்பி என்று சொல்லும்.

தெலுங்குக்காரர்களும் சளைக்கவில்லை. அப்போது துணை அதிபர் வேட்பாளராக இருந்த வான்சின் மனைவி உஷாவின் பூர்வீகம் ஆந்திரா என்றதும் அங்கே கேமரா வட்லூருக்குப் போய்விட்டது. இங்கே கமலாவுக்கு அர்ச்சனை, அங்கே உஷாவுக்குப் பூஜை. அமெரிக்கத் தேர்தலை மன்னார்குடிக்கும் மேற்கு கோதாவரிக்கும் நடக்கிற கபடிப் போட்டி ஆக்கிவிட்டோம். (சிரிப்பு)

சிரிப்போம், தப்பில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்கு விலை கொடுத்திருக்கிறோம். டிரம்ப் அந்தப் பிரசாரம் முழுக்க மேடைக்கு மேடை என்ன பேசினார்? இறக்குமதி வரி. வெளிநாட்டுச் சரக்கு அத்தனைக்கும் வரி போடுவேன், அதில்தான் அமெரிக்கா பிழைக்கும் என்று பேசினார். அவர் ஒளிவு மறைவாகப் பேசவில்லை. நம் ஊடகத்துக்கு அது செய்தியாகப் படவில்லை, கோயில் மணிதான் செய்தி. 2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி இந்தியச் சரக்குகள் மீது 50 சதவீத வரி நடைமுறைக்கு வந்தது. அன்றைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளி தலையில் கை வைத்தார். அங்கே ஓவர்டைம் போனது, ஷிப்ட் குறைந்தது. தோல் பொருள் ஏற்றுமதிக்கும் அடி. தாராவியில் தோல் தொழிலை நம்பி இருக்கிற குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வரப்போகிற இடியைப் பத்து மாதம் முன்னாடியே அந்த ஆள் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தார். நாம் தர்மசாஸ்தாவுக்குத் தீபாராதனை பார்த்துக்கொண்டிருந்தோம்.

டிவிக்காரர்களிடம் கேட்டால் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்கள்: 'மக்கள் அதைத்தான் கேட்கிறார்கள்.' எந்த மக்கள் கேட்டார்கள்? திருப்பூர் தையல் தொழிலாளி வந்து, எனக்கு வரியைப் பற்றிச் சொல்லாதே, தயவுசெய்து பேனரைக் காட்டு என்று கேட்டானா? பேனரைக் காட்டுவது மலிவு. ஒரு கேமராமேன், ஒரு நிருபர், ஒரு கார் போதும். வரியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து படிக்க வேண்டும். சங்கதி அவ்வளவுதான்.

இப்போது அமெரிக்காவை விடுங்கள். அந்தத் தேர்தல் முடிந்து சரியாகப் பதினைந்தாவது நாள், நவம்பர் 20, இங்கே மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தல். நாம் ஓட்டுப் போட்ட தேர்தல். சயான் கோலிவாடாவில் தமிழர் ஒருவர், கேப்டன் தமிழ்ச்செல்வன், பாஜக சார்பில் மூன்றாவது முறையாக வென்றார். அவருடைய கட்சி எனக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு பேச்சு. தாராவியில் காங்கிரஸின் ஜோதி கெய்க்வாட் வென்றார். முடிவு வந்த அன்றைக்குத் தமிழ்நாட்டு ஊடகத்தில் செய்தி வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு முந்தைய ஒரு மாதம்? தாராவித் தமிழனுக்கு அந்தத் தேர்தலில் என்ன பணயம் இருந்தது என்று எத்தனை சேனல் வந்து கேட்டது? வீடு பணயம் இருந்தது ஐயா! தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000-ஆம் ஆண்டுக்கு முன்னால் வந்ததற்குக் காகிதம் இருக்கிறவன் ஒரு ரகம், இல்லாதவன் ஒரு ரகம், மாடியில் குடியிருக்கிறவன் இன்னொரு ரகம் என்று மக்களைப் பிரித்து, யாருக்குத் தாராவியிலேயே வீடு, யாரை முலுண்டுக்கும் தேவ்னாருக்கும் அனுப்புவது என்பது அந்தத் தேர்தலின் நடு விஷயம். மூன்று தலைமுறைக்கு முன்னால் திருநெல்வேலியிலிருந்து ரயில் ஏறி வந்த குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய தேர்தல் செய்தி உண்டா? இதைப் படம் பிடிக்க ஒரு கேமராவைத் தொண்ணூறு அடி சாலையில் நிறுத்தினால் போதும்.

இங்கே உங்களுக்கு ஒரு தேதியைச் சொல்ல வேண்டும். 2022 நவம்பர் 29. அன்றைக்குத்தான் தாராவி மறுசீரமைப்பு டெண்டர் திறக்கப்பட்டது. 5,069 கோடி ரூபாய் போடுவதாகச் சொல்லி அதானி குழுமம் முதலிடம். அதே நவம்பர் 29 அன்று இரவு இன்னொரு செய்தி வந்தது. என்.டி.டி.வி.யைத் தொடங்கிய பிரணாய் ராயும் ராதிகா ராயும் அதில் பங்கு வைத்திருந்த தங்கள் நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகினார்கள். அந்த நிறுவனம் அதானி குழுமத்தின் கைக்குப் போயிற்று. மறுநாள் என்.டி.டி.வி. செய்தியாளர் ரவீஷ் குமார் ராஜினாமா. ஒரே நாள் என்பது தற்செயலாக இருக்கட்டும். நான் சதி என்று சொல்லவில்லை. நான் கேட்பது ஒரு சாதாரணக் கேள்வி. உங்கள் குடிசையை இடித்துக் கட்டப் போகிற ஒப்பந்தக்காரரும், அந்த இடிப்பைப் பற்றி நாட்டுக்குச் செய்தி சொல்லப் போகிற சேனலின் முதலாளியும் ஒரே வீட்டுக்காரர் என்றால், அந்தச் சேனலில் தாராவியைப் பற்றி வருகிற ஒவ்வொரு செய்திக்குக் கீழேயும் அதை எழுதிப் போட வேண்டாமா? எழுதிப் போடட்டும். அப்புறம் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், நாம் கேட்டுக்கொள்கிறோம். (கைதட்டல்)

பாரபட்சம் என்றால் பொய் சொல்வது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பொய் சொல்கிறவன் சீக்கிரம் மாட்டுவான். உண்மையை மட்டுமே சொல்லி ஒருவனை ஒழிக்க முடியும். இந்த தாதரில் பேசும்போது அதை ஞாபகப்படுத்தாமல் விடக்கூடாது. 1960-இல் பால் தாக்கரே 'மார்மிக்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அதில், கம்பெனிகளில் இருந்த தென்னிந்திய அதிகாரிகளின் பெயர்களை வரிசையாக வெளியிட்டார்கள். பெயர் பெயராக. படித்துப் பார், பேசாமல் கிட என்கிற தொனியில் தலைப்பு. அந்தப் பட்டியலில் பொய் கிடையாது, தோழர்களே. எல்லாம் நிஜமான பெயர். நிஜமான உத்தியோகம். 1966 ஜூனில் சிவசேனை பிறந்தது, அக்டோபர் 30-ஆம் தேதி இங்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிற சிவாஜி பார்க்கில் முதல் பொதுக்கூட்டம். அதற்குப் பிறகு உடுப்பி ஓட்டல்களுக்கும் லுங்கி கட்டினவனுக்கும் என்ன நடந்தது என்று உங்கள் அப்பாக்களைக் கேளுங்கள்.

அந்தப் பட்டியலில் எது இல்லை என்று பாருங்கள். தாராவித் தோல் பட்டறையில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நின்ற தமிழனின் பெயர் இல்லை. தலையில் இட்லிக் குண்டானைச் சுமந்து ஒவ்வொரு சால் குடியிருப்பாக ஏறி இறங்கிய அம்மாவின் பெயர் இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன் இல்லை. அவர்களையும் சேர்த்துப் போட்டிருந்தால், 'அடப்பாவி, நம்மைவிட மோசமாக அல்லவா இருக்கிறான்' என்று மராட்டியத் தொழிலாளி நினைத்திருப்பான். போடாமல் விட்ட பெயர்கள்தான் கல்லாக வந்து விழுந்தன.

இலங்கையிலும் இதே வித்தை. 2010 ஜனவரி 26, ஜனாதிபதித் தேர்தல். மகிந்த ராஜபக்ச ஒரு பக்கம், சரத் பொன்சேகா மறுபக்கம். அரசுத் தொலைக்காட்சி யாருக்கு ஊதியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தேர்தல் ஆணையாளர் தயானந்த திசாநாயக்க, அரசு ஊடகங்களைக் கட்டுப்படுத்த ஓர் அதிகாரியை நியமித்தார். அவர்கள் மசியவில்லை. கடைசியில் ஆணையாளர் அந்த நியமனத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டார். அரசாங்கத்தின் தேர்தல் ஆணையாளர், அரசாங்கத்தின் டிவியிடம் தோற்றுப்போனார். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் பிரகீத் எக்னெலிகொட என்ற பத்திரிகையாளர், கேலிச் சித்திரக்காரர், காணாமல் போனார். அவருடைய மனைவி சந்தியா இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார். வாக்குப்பதிவு நாளன்று ஒரு செய்தி பறந்தது: பொன்சேகாவின் பெயரே வாக்காளர் பட்டியலில் இல்லை, அவர் எப்படி நிற்கலாம்? பட்டியலில் பெயர் இல்லை என்பது உண்மை. அதனால் நிற்கத் தகுதி இல்லை என்பது கட்டுக்கதை. ஆணையாளர் விளக்கம் சொல்வதற்குள் பாதி நாள் வாக்குப்பதிவு போய்விட்டது.

2013-இல் அவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வடக்கு மாகாண சபைத் தேர்தல், செப்டம்பர் 21. விடிந்தால் ஓட்டு. யாழ்ப்பாணத்தில் 'உதயன்' பத்திரிகையைப் போலவே ஒரு போலிப் பத்திரிகை அச்சடித்து விநியோகித்தார்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வேட்பாளர் அனந்தி சசிதரன் ஆளுங்கட்சிப் பக்கம் தாவிவிட்டார் என்று அதில் செய்தி. உதயன் என்று பெயர் போட்டால் சனம் நம்பும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சனம் நம்பவில்லை. கூட்டமைப்பு 38-இல் 30 இடம். அனந்தி விருப்பு வாக்கில் இரண்டாமிடம். ஆட்களைக் கொன்றும் அலுவலகத்தை எரித்தும் நிறுத்த முடியாத ஒரு பத்திரிகையை நகல் எடுத்தாவது தோற்கடிக்கப் பார்த்தார்கள். வாசகன் அசையவில்லை. நம் மும்பை வாசகன் அப்படி இருக்கிறானா என்பதற்கு இப்போது வருகிறேன்.

2009 அக்டோபர் 13, மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தல். அசோக் சவான் முதலமைச்சர், நாந்தேட் மாவட்டத்தில் போகர் தொகுதி வேட்பாளர். தேர்தலுக்கு முந்தைய நாட்களில் மராத்தி நாளிதழ்களில் அவருடைய புகழ் பாடும் பக்கங்கள் வந்தன. ஒன்று இரண்டு இல்லை. லோக்மத் உள்ளிட்ட நாளிதழ்களில் 47 முழுப் பக்கங்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் 'தி இந்து'வில் கணக்குப் போட்டுக் காட்டினார். எதிலும் 'விளம்பரம்' என்ற ஒரு சொல் கிடையாது. எல்லாம் செய்தி மாதிரி. சாய்நாத் இன்னொன்றையும் கண்டுபிடித்தார், அதுதான் விசேஷம். இளமையும் துடிப்பும் உள்ள தலைமை என்று சவானைப் போற்றும் ஒரு கட்டுரை லோக்மத், புடாரி, மகாராஷ்டிரா டைம்ஸ் என்று மூன்று பத்திரிகைகளில் வந்திருந்தது. ஒன்றுக்கொன்று போட்டிப் பத்திரிகைகள். கட்டுரை மட்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. மூன்று நிருபர்கள் ஒரே வாக்கியத்தை ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரே இடத்தில் புளகாங்கிதம் அடைந்திருக்கிறார்கள். (சிரிப்பு) பரீட்சையில் மூன்று பிள்ளைகள் இப்படி எழுதியிருந்தால் நம் ஊர் வாத்தியார் என்ன செய்திருப்பார்?

இனி கணக்கைப் பாருங்கள். சவான் தேர்தல் ஆணையத்துக்குக் காட்டிய செலவில் பத்திரிகை விளம்பரத்துக்கு எவ்வளவு? 5,379 ரூபாய். இன்னொரு முறை சொல்கிறேன், ஐயாயிரத்து முன்னூற்று எழுபத்தொன்பது ரூபாய். கேபிள் டிவி விளம்பரத்துக்கு 6,000 ரூபாய். மொத்தத் தேர்தல் செலவே 7 லட்சத்துக்குள். அன்றைய உச்சவரம்பு 10 லட்சம். நம்மில் ஒருவர் வீட்டில் துக்கம் நடந்து கண்ணீர் அஞ்சலி விளம்பரம் கொடுக்கப் போனால் எவ்வளவு கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் காசில் ஒரு முதலமைச்சர் பத்திரிகை விளம்பரத்தையே முடித்துவிட்டார்.

அதற்குச் சொல்லப்பட்ட பதில் என்ன தெரியுமா? காசு கைமாறவில்லை, பத்திரிகைகள் தங்கள் விருப்பத்தில் போட்டன. லோக்மத் உரிமையாளர் குடும்பத்தில் ஒருவர் காங்கிரஸ் எம்.பி., இன்னொருவர் அமைச்சர். சரி, நான் அந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். அன்பினால்தான் போட்டார்கள். அப்படியானால் முதல் பக்கத்தில் எழுதியிருக்கலாமே: 'இது காங்கிரஸ் பத்திரிகை, முதலாளி காங்கிரஸ், இந்தப் பக்கங்கள் எல்லாம் எங்கள் கட்சிக்கு நாங்கள் செய்யும் தொண்டு.' அதை எழுதவில்லை. அங்கேதான் தப்பு.

தோற்ற வேட்பாளர் கின்ஹால்கர் விடவில்லை. தேர்தல் ஆணையத்தில் புகார் கொடுத்தார். விவகாரம் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஏறியது. கணக்கு உண்மையா என்று விசாரிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜூலையில் ஆணையம், கணக்கை முறைப்படி காட்டவில்லை என்று சவானுக்கு நோட்டீஸ் விட்டது. செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஐந்து வருஷம், தண்டனை பூஜ்யம். சட்டம் தன் கடமையைச் செய்துவிட்டுப் போய்விட்டது. இதே நாட்டில், உத்தரப் பிரதேசத்தில் பிசௌலி எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவ், 21,250 ரூபாய்க்குப் போட்ட செய்தியைக் கணக்கில் காட்டவில்லை என்று 2011-இல் மூன்று வருஷத்துக்குத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். சின்ன மீன் வலையில் கிடந்தது.

பத்திரிகைக்காரர்கள் தங்களைத் தாங்களே விசாரித்த லட்சணத்தையும் கேளுங்கள். காசுக்குப் போடும் செய்தியை, அதாவது பெய்டு நியூஸை, விசாரிக்கப் பிரஸ் கவுன்சில் இரண்டு பேர் கொண்ட துணைக்குழு போட்டது. பரஞ்ஜய் குஹா தாகுர்த்தா, ஸ்ரீநிவாஸ் ரெட்டி. இருவரும் 71 பக்கத்துக்கு அறிக்கை எழுதினார்கள், பத்திரிகைகளின் பெயர்களோடு. 2010 ஜூலை 30-ஆம் தேதி கவுன்சில் கூடியது. முழு அறிக்கையை வெளியிடுவதில்லை, சுருக்கம் போதும் என்று முடிவு. ஊர் உலகத்தின் ஊழலை எல்லாம் பெயரோடு போடுகிற முதலாளிகளுக்குத் தங்கள் பெயரைப் பார்த்ததும் வெட்கம் வந்துவிட்டது. பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகுதான், 2011-இல் முழு அறிக்கை வெளியே வந்தது.

சவான் என்ன ஆனார் என்று கேட்கிறீர்கள். 2024 பிப்ரவரியில் பாஜகவுக்குப் போய் ராஜ்யசபா உறுப்பினர் ஆனார். அதே வருஷம் நவம்பரில் போகரில் அவர் மகள் பாஜக சார்பில் வென்றார். கட்சியைச் சொல்லிச் சண்டை போடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இது ஒரு கட்சியின் வியாதி இல்லை. 2014 மக்களவைத் தேர்தலின்போது ஐந்து செய்திச் சேனல்களின் இரவு நேரத்தை சி.எம்.எஸ். மீடியா லேப் அளந்து பார்த்தது. மோடிக்கு மூன்றில் ஒரு பங்கு நேரம், கேஜ்ரிவாலுக்குப் பத்தில் ஒரு பங்கு, ராகுலுக்கு ஐந்து சதவீதம்கூட இல்லை. நம் அரசியல் சட்டத்தில் ஜனாதிபதி ஆட்சிமுறை கிடையாது. 543 தொகுதிக்கு 543 தேர்தல். டிவி அதை ஒன்றிரண்டு முகங்களின் தேர்தலாக்கி, அமெரிக்க முறையைப் பாராளுமன்றத்தைக் கேட்காமலே இங்கே கொண்டுவந்துவிட்டது. 2024-இல் இதே மகாராஷ்டிர அரசு பெண்களுக்கான லாட்கி பஹிண் திட்டத்தை விளம்பரப்படுத்த மட்டும் ஏறக்குறைய 200 கோடி ரூபாய் ஒதுக்கியது, தேர்தலுக்குச் சில மாதம் முன்னால். அந்த 200 கோடி எங்கே போகும்? பத்திரிகைக்கும் டிவிக்கும்தான் போகும். காலையில் முதல் பக்கம் முழுக்க அரசு விளம்பரம் வாங்கிவிட்டு, மூன்றாம் பக்கத்தில் அந்த அரசைக் கிழிக்க எந்த ஆசிரியருக்கு முதலாளி அனுமதி கொடுப்பார்?

தோற்றவன் எல்லாம் ஊடகத்தைத் திட்டுவான், இது பழைய பல்லவி என்று இங்கேயே ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயம். ஜெயித்தவனும் திட்டுகிறான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரம்ப் ஊடகத்தைத் திட்டிக்கொண்டே இரண்டு முறை ஜெயித்தவர். அதனால் யார் கத்துகிறான் என்று பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. காசு எங்கிருந்து வருகிறது, எது போடப்படவில்லை, இந்த இரண்டைப் பார்த்தால் தெரியும். வாஷிங்டன் போஸ்ட் பல பத்தாண்டுகளாகத் தலையங்கம் எழுதி இன்னாருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று சொல்லி வந்த பத்திரிகை. சாய்வை வெளிப்படையாகச் சொன்ன பத்திரிகை. 2024-இல் தேர்தலுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, இனி அப்படிச் சொல்ல மாட்டோம் என்று அறிவித்தார்கள். முதலாளி ஜெஃப் பெசோஸ். அமெரிக்க அரசாங்கத்தோடு அவருக்கு இருக்கிற ஒப்பந்த வியாபாரம் ஊரறிந்தது. நடுநிலை என்று பெயர் வைத்தார்கள். வாசகன் ஏமாறவில்லை. சில நாளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சந்தாவை ரத்து செய்தார்கள்.

நடுநிலை என்ற சட்டையைக் கண்டு மயங்காதீர்கள். பெரியாரின் 'குடிஅரசு' நடுநிலைப் பத்திரிகையா? 'முரசொலி' நடுநிலையா? பிரபாதேவியிலிருந்து வருகிற 'சாம்னா' நடுநிலையா? மூன்றும் இல்லை. வாங்குகிறவனுக்கு அது தெரியும். கலைஞர் டிவி போட்டால் திமுக என்று தெரியும், ஒரு காலத்தில் ஜெயா டிவி போட்டால் அதிமுக என்று தெரிந்தது. தெரிந்து பார்க்கிறவன் தெரிந்தே தள்ளுபடி செய்துகொள்வான். சாய்வது குற்றமே இல்லை. யார் காசில், யாருக்காகச் சாய்கிறேன் என்பதை மறைத்துக்கொண்டு சாய்வது வாக்காளன் பாக்கெட்டில் கை வைப்பது.

இதே தாதரில், ஹிந்து காலனி ராஜ்கிருஹத்தில் வாழ்ந்த அம்பேத்கருக்கு இது எல்லாம் முன்பே தெரியும். 1920 ஜனவரி 31-இல் 'மூக்நாயக்' தொடங்கினார். புதிய பத்திரிகை வருகிறது என்று 'கேசரி' என்ற மராத்திப் பத்திரிகையில் விளம்பரம் போடக் கேட்டார், காசு கொடுத்து. கேசரி மறுத்துவிட்டது. காசு கொடுத்தாலும் இடம் இல்லாத சாதி ஒன்று, காசு கொடுத்தால் 47 பக்கமும் கிடைக்கிற சாதி ஒன்று. அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. 'பகிஷ்கிருத் பாரத்', 'ஜனதா', 'பிரபுத்த பாரத்' என்று ஒன்று போனால் ஒன்று நடத்தினார். 1943-இல் பூனாவில் பேசும்போது, இந்தியப் பத்திரிகைத் தொழில் சோப்புத் தயாரிப்பைவிட அதிகமான ஒழுக்கப் பொறுப்பு எதுவும் இல்லாததாகிவிட்டது என்று முகத்துக்கு நேரே சொன்னார். அவருடைய அச்சகம் இருந்த தாதர் அம்பேத்கர் பவனை 2016 ஜூனில் விடியற்காலையில் இடித்துத் தள்ளினார்கள். அம்பேத்கர் நினைவு நாளான டிசம்பர் 6 வந்தால் அவர் நினைவிடமான சைத்யபூமிக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள். புத்தகக் கடைகள் சிவாஜி பார்க் முழுக்க விரிகின்றன. மறுநாள் காலைப் பேப்பரில் என்ன தேடினாலும் கிடைப்பது போக்குவரத்து மாற்றம். நெரிசல். குப்பை. அவர்கள் பொய் எழுதவில்லை. நெரிசல் உண்மைதான்.

நான் முடிக்கிறேன். உங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த தேர்தல் எதுவாகவும் இருக்கட்டும், கார்ப்பரேஷனோ சட்டமன்றமோ. அறிவிப்பு வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரு பேப்பருக்குப் பதில் இரண்டு வாங்குங்கள், தமிழ் ஒன்று, மராத்தி ஒன்று. மராத்தி படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும். முனிசிபல் பள்ளியில் படித்த நம் பிள்ளைகளுக்கு நன்றாக வரும். ஒரே கட்டுரை இரண்டு இடத்தில் இரண்டு பெயரில் வந்தால் கிழித்து வையுங்கள். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் ஒவ்வொரு மாவட்டத்திலும் பெய்டு நியூஸைக் கண்காணிக்கத் தேர்தல் ஆணையம் ஒரு குழு வைத்திருக்கிறது. தாராவிக்காரர், தாதர்க்காரர் மும்பை நகர மாவட்டக் கலெக்டர் அலுவலகத்துக்குப் போகலாம். செம்பூர்க்காரர் புறநகர் மாவட்டத்துக்குப் போகலாம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வாருங்கள். தமிழ்ச் சேனல்களுக்கும் ஒரு கடிதம் போடுங்கள். துளசேந்திரபுரத்துக்கு அனுப்பிய வண்டியை ஒரு நாளைக்குத் தாராவிக்கு அனுப்பச் சொல்லுங்கள், டீசல் நாங்கள் போடுகிறோம் என்று எழுதுங்கள். (பலத்த கைதட்டல்)

பழைய பேப்பர் வாங்கும் ரத்திக்காரன் வந்தால் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று பேரம் பேசி மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தேர்தல் மாதத்துப் பேப்பரை மட்டும் தனியாகக் கட்டி அலமாரி மேல் வையுங்கள். சவானின் 47 பக்கமும் வெளியே வந்தது, பழைய பேப்பரை யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான்.